பால் எத்தனை மில்லி, பம்ப் எத்தனை

கலோரிக் கணக்கு எழுதும் ஆப் எதையாவது திறந்து, கெட்டிக் காபியில் நிறையப் பால் சேர்த்த ‘லாத்தே’வைத் தேடிப் பாருங்கள். 70 என்று ஒன்று வரும், 120 என்று ஒன்று, 190, 250, இன்னும் கீழே போனால் 340. எல்லாம் லாத்தேதான். பாதி யாரோ ஒரு புண்ணியவான் தன் கோப்பையைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றியது. மீதி ஏதோ ஒரு கடையின் பட்டியலிலிருந்து எடுத்தது. கோப்பை எவ்வளவு பெரிது, என்ன பால், சர்க்கரை உண்டா இல்லையா என்பது பற்றிப் பெரும்பாலானவற்றில் ஒரு வார்த்தை இருக்காது. இந்த வரிசையில் நம் விரல் எதைத் தொடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பார்ப்பது தணிக்கை வேலை. ஒரு அலுவலகத்துக்கும் அடுத்த அலுவலகத்துக்கும் நடுவில் கிடைக்கிற நேரம் காபி ஷாப்பில்தான் கழியும். உட்கார நாற்காலி, மடிக்கணினிக்கு மின்சாரம், சுத்தமான கழிப்பறை, யாரும் வந்து எழுப்பாத மூலை. இதற்கெல்லாம் வாடகையாக ஒரு பானம் வாங்கியாக வேண்டும். கணக்கு முடிக்கும் மாதங்களில் ஒரே நாளில் இரண்டு மூன்று கூட ஆகிவிடும். ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எல்லையைத் தாண்டியபோது மருத்துவர் என் சாப்பாட்டை வேளை வேளையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். காபி என்றதும், “அது பரவாயில்லம்மா” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர் மனதில் இருந்த காபி வேறு, என் கையில் இருக்கும் காபி வேறு. என்னுடையது 470 மில்லி, வெனிலா சிரப்போடு.

காபியைப் பொறுத்தவரை மருத்துவர் சொன்னது சரி. 240 மில்லி கறுப்புக் காபியில் 2 கலோரிதான் இருக்கும். எஸ்பிரெசோ என்பது மெஷின் அழுத்தி இறக்கும் கெட்டிக் காபி; அதில் ஒரு ஷாட்டிலும், அதாவது ஒரு சின்ன மடக்கிலும், ஏறக்குறைய அதே அளவுதான். அமெரிக்காவில் கடைப் பலகையில் கலோரி எழுதுவதற்கு ஒரு விதி இருக்கிறது: 5-க்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்றே போட்டுக்கொள்ளலாம், 50 வரை ஐந்தைந்தாகவும், அதற்கு மேல் பத்துப்பத்தாகவும் முழுமையாக்க வேண்டும். அங்கே பலகையில் 187, 243 என்று எந்த எண்ணும் தென்படாததற்கு இதுதான் காரணம். ஆக, காபி ஷாப்பில் கலோரி விஷயத்தில் குற்றம் சாட்ட முடியாத ஒரே பொருள் காபி. மிச்சமெல்லாம் பால், சர்க்கரை, க்ரீம் மூன்றின் வேலை. கொழுப்பு என்றால் கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரையும் புரதமும் கிராமுக்கு 4. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்பர் ஆட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் போட்டுக்கொடுத்த கணக்கு இது. இன்றைக்கும் லேபிள்களில் பெரும்பாலும் இதுதான் ஓடுகிறது.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. கோப்பைக்குள் உண்மையில் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு என் சித்தி மகன் கிடைத்தான். அவன் ஒரு காபி ஷாப்பில் பாரிஸ்டா, அதாவது காபி போடுகிறவன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். வீட்டிலும் ஒரு சின்ன எஸ்பிரெசோ மெஷின், பால் காய்ச்சும் ஸ்டீல் ஜாடி, பம்ப் வைத்த சிரப் பாட்டில் என்று ஒரு குட்டிக் கடையே வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

“அக்கா, ஆடிட்டுக்கு வந்துட்டீங்களா?”

“ஆமாண்டா. நீ கடையில போடுற மாதிரியே போடு. எனக்காக ஒண்ணும் குறைக்காத.”

முதலில் பால். ஜாடியின் மூக்கு ஆரம்பிக்கும் இடத்தில் உள்பக்கம் ஒரு வளைவு இருக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றுவான். அதுதான் அவனுக்கு அளவுக்கோடு. தராசு 240 கிராம் காட்டியது. நீராவிக் குழாயை உள்ளே விட்டான். முதல் சில நொடி பேப்பர் கிழிக்கிற சத்தம், அப்புறம் சத்தம் அடங்கிப் பால் சுழல ஆரம்பித்தது. உள்ளங்கையை ஜாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவன், கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்தினான். அறுபது டிகிரியைத் தாண்டியிருக்கும். மறுபடி எடை போட்டால் 262. பால் கூடவில்லை, நீராவி பாலுக்குள் போய்த் தண்ணீராகிவிட்டது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு தண்ணீர் இலவசம். 350 மில்லி கோப்பையில் இரண்டு ஷாட் எஸ்பிரெசோ, அதன் மேல் இந்தப் பால், மேலே விரற்கடை அளவுக்கு நுரை. ஜாடியின் அடியில் மிஞ்சியதைச் சிங்கில் கொட்டப்போனான். கையைப் பிடித்து அதையும் தராசில் வைத்தேன். இருபது கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் கோப்பைக்குள் போன பால் 220 மில்லி அளவில்.

இந்த 220 என்ற எண் கையில் இருந்தால் லாத்தேயின் கணக்கு அநேகமாக முடிந்துவிட்டது. முழுக்கொழுப்புப் பால் 100 மில்லிக்கு 60-லிருந்து 65 கலோரி, பாதி கொழுப்பு நீக்கியது 50 அளவில், கொழுப்பே இல்லாதது 35. அப்படிப் பார்த்தால் அதே கோப்பை முறையே 140, 110, 77. சர்க்கரை இன்னும் போடவில்லை.

அடுத்து பம்ப். என்னை அசத்தியது இதுதான். வெனிலா, கேரமல், ஹேசல்நட் என்று வரிசையாக நிற்கும் பாட்டில்களின் தலையில் ஒரு அமுக்கி இருக்குமே, அதுதான் பம்ப். பலவற்றில் ஒரு முழு அமுக்கு 7.5 மில்லி, சிலவற்றில் 10 மில்லி. வழக்கமான சிரப் 30 மில்லிக்கு 80 கலோரி அளவில் இருக்கும். அப்படியானால் 7.5 மில்லி பம்புக்கு 20 கலோரி, 5 கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சர்க்கரையை விடக் கொஞ்சம் அதிகம். தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அமுக்கச் சொன்னேன். நிதானமாக அடிவரை அமுக்கினால் 9, 10 கிராம் வந்தது. அவசரமாகத் தட்டிவிட்டால் 6. புது பாட்டில் மாற்றியதும் முதல் அமுக்கில் பாதி காற்று.

“கூட்ட நேரத்துல யாருக்கா அடிவரைக்கும் அமுக்கிட்டிருப்பா?”

“அப்போ கூட்ட நேரத்துல வாங்கினா கலோரி கம்மியா?”

“அப்படியும் சொல்ல முடியாது. சில பேர் சந்தேகத்துக்கு இன்னொரு தட்டு சேர்த்துத் தட்டிருவாங்க.”

இந்த ஒரு பதிலுக்குப் பிறகு, கலோரி எண்ணைக் கடைசி இலக்கம் வரை துரத்துவதை விட்டுவிட்டேன். பலகையில் இருப்பது செய்முறையின் எண். உங்கள் கோப்பையின் எண் அதற்கு மேலேயோ கீழேயோ ஒரு பம்ப் தள்ளி எங்கோ இருக்கும். அதோடு, பெரும்பாலும் அது கடை வழக்கமாக ஊற்றும் பாலுக்கும் வழக்கமான பம்ப் எண்ணிக்கைக்கும் போட்டது. நீங்கள் பாலை மாற்றச் சொன்னதும் அந்த எண் செல்லாது.

சரி, மற்ற பானங்களுக்கு வருவோம். அதே 350 மில்லி கோப்பையில் கப்புச்சினோ கேட்டால் பாதி உயரம் நுரை. நுரை என்பது பாலில் அடைத்த காற்று. பால் 150, 160 மில்லிதான் போகும். முழுக்கொழுப்புப் பாலிலேயே 100 கலோரி அளவில் நின்றுவிடும். ஃப்ளாட் ஒயிட்டுக்குப் பல கடைகளில் கோப்பையே சின்னது, 120 மில்லி பாலுக்கு மேல் அதில் இடமில்லை. பெயரில் என்னவோ ஆடம்பரமாகத் தெரிந்தாலும் இந்த மூன்று பால் பானங்களில் அதுதான் அடக்கமான பிள்ளை.

ஐஸ் லாத்தேயில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டம்ளரில் பாதிக்கு மேல் ஐஸ் இருப்பதால் பாலுக்கு இடம் குறைவு. ஸ்டார்பக்ஸின் அமெரிக்கப் பட்டியலிலேயே 473 மில்லி சூடான லாத்தே 190 கலோரி, அதே அளவு ஐஸ் லாத்தே 130 என்று பார்த்திருக்கிறேன். இரண்டும் பாதி கொழுப்பு நீக்கிய பாலில் செய்வது. ஐஸை நிறையப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று பலர், “ஐஸ் கம்மியா போடுங்க” என்பார்கள். காசுக்கு அது நியாயம்தான். ஆனால் காலியான இடத்தைப் பாலால் நிரப்பிக் கொடுக்கிற கடையாக இருந்தால் கலோரியும் கூடவே ஏறும். எது முக்கியம் என்பதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செடிப் பால்கள் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். ‘ஓட்ஸ் பாலுக்கு மாறிட்டேன், இப்ப லைட்டா இருக்கு’ என்பவர்களிடம் நான் வாயைத் திறப்பதில்லை. பாரிஸ்டாவுக்கென்று விற்கும் ஓட்ஸ் பால் 100 மில்லிக்கு 60 கலோரி அளவில் இருக்கும். முழுக்கொழுப்புப் பாலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. காரணம் இரண்டு. ஓட்ஸில் இருக்கும் மாவுச்சத்தை நொதி சேர்த்து உடைக்கும்போது அதில் ஒரு பகுதி மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது. தனியாகச் சர்க்கரை சேர்க்காமலேயே அது இனிப்பது இதனால்தான். அப்புறம், நுரை நன்றாக நிற்பதற்கும் குடிக்கும்போது வழுவழுப்பாக இருப்பதற்கும் தாவர எண்ணெய் சேர்க்கிறார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மாட்டுப் பால் வேண்டாம் என்பவர்களுக்கும் அது நல்ல பொருள். கலோரி குறைய வேண்டும் என்பதற்காக மட்டும் மாறினால் பலன் இல்லை. இனிப்பில்லாத சோயா பால் 35, 40 கலோரி என்று நடுவில் நிற்கும். இனிப்பில்லாத பாதாம் பால் 15 கலோரி அளவில். ஏனென்றால் அதில் பாதாம் மிகக் கொஞ்சம், பெரும்பகுதி தண்ணீர். ‘இனிப்பில்லாத’ என்ற வார்த்தைதான் இங்கே முக்கியம். கடையில் இருப்பது இனிப்புச் சேர்த்த டப்பாவா என்று கேட்டுவிடுங்கள். டப்பாவைக் காட்டச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒருத்திக்கு வேறு பிரச்சினை. சிரப் எதுவும் போடாத லாத்தேதான் குடிக்கிறாள், கடையின் சத்துப் பட்டியலில் சர்க்கரை 11 கிராம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, “போடவே இல்லைன்னாங்க, இது எங்கிருந்து வந்தது?” என்று சண்டைக்குப் போகத் தயாராகிவிட்டாள். பாலில் இயற்கையாகவே லாக்டோஸ் உண்டு. 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக. 220 மில்லிக்குக் கணக்குப் போட்டால் அந்த 11 வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட பரிந்துரையில், ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள் என்று சொன்னது. அது நாமாகச் சேர்க்கும் சர்க்கரை, தேன், சிரப், பழச்சாறு இவற்றைப் பற்றியது. பாலில் இருக்கும் லாக்டோஸ் அதில் சேராது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த வரம்பு 50 கிராம், இறுக்கிப் பிடித்தால் 25. பட்டியலில் சர்க்கரை என்று ஒரே எண்ணாகப் போட்டிருந்தால், பாலுக்கு உரியதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். மிச்சத்தை ஐந்தால் வகுத்தால் எத்தனை பம்ப் என்பதும் தெரிந்துவிடும்.

கோப்பை அளவைப் பெரிதாக்கும்போது பால் மட்டும் கூடுகிறது என்றுதான் நினைப்போம். பம்பும் கூடுகிறது. ஸ்டார்பக்ஸின் வழக்கமான செய்முறையில் 354 மில்லி சூடான பானத்துக்கு 3 பம்ப், 473-க்கு 4, 591-க்கு 5. அந்த 591 மில்லி அளவையே குளிர்ந்த பானமாகக் கேட்டால் கோப்பை 709 மில்லி, அதற்கு 6. கவுண்டரில் ‘கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தா பெரிய சைஸ் வந்துடும்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லும்போது அவர்கள் கூடுதல் பாலோடு கூடுதல் சர்க்கரையையும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். சின்னக் கோப்பை கேட்பதில் ஒரு சங்கடமும் வேண்டாம். சில கடைகளில் மிகச் சிறிய அளவு பலகையில் எழுதப்பட்டிருக்காது, ஆனால் கேட்டால் கொடுப்பார்கள்.

பானத்தின் மேல் சுருளாக வைக்கும் அடித்த க்ரீம், அதாவது விப்ட் க்ரீம் விஷயத்தில் எனக்கு ஒரு தனிக் கருத்து உண்டு. எல்லோரும் அதை வில்லனாக்கிவிட்டார்கள். “க்ரீம் வேண்டாம்” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் வரும் பாருங்கள்! ஒரு கோப்பையின் மேல் வைக்கும் சுருள் 30 கிராம் இருக்கும் என்று வைத்தால், கனமான க்ரீம் 100 கிராமுக்கு 340 கலோரி என்ற கணக்கில் 100 கலோரி வரும். குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆள் அதே கோப்பையில் ஐந்து பம்ப் சிரப்பைக் கேள்வியே இல்லாமல் விட்டுவிடுகிறார். அதுவும் 100 கலோரிதான். க்ரீம் மலை மாதிரி மேலே உட்கார்ந்து கண்ணில் படுகிறது, அதில் பாதி காற்று. சிரப் கரைந்துபோய்விட்டதால் நம் கணக்கில் அது இல்லவே இல்லை. தணிக்கையில் தினமும் பார்க்கிற சங்கதி இது. பெரிய பில்லுக்கு ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பணம் ஒழுகுவது சில்லறைச் செலவில்.

மோக்காவில் சிரப்புக்குப் பதில் சாக்லேட் சாஸ். சாஸ் சிரப்பை விடக் கனமானது, ஒரு பம்ப் 25 கலோரியைத் தொடும் அல்லது தாண்டும். வழக்கமாக க்ரீமும் கூடவே வரும். பச்சைத் தேயிலைப் பொடியில் போடும் மாச்சா லாத்தே, மசாலா டீயில் போடும் சாய் லாத்தே இரண்டிலும் வேறு மாதிரிச் சிக்கல்: பல கடைகளில் பொடியிலோ முன்பே தயாரித்து வைத்த கரைசலிலோ சர்க்கரை கலந்துதான் வருகிறது. ‘சர்க்கரை இல்லாமல்’ என்று நீங்கள் சொன்னால் மேலே போடுவதை நிறுத்துவார்கள். உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. பச்சை நிறத்தைப் பார்த்து ஏதோ கீரைச் சாறு குடிக்கிற நினைப்பு வேண்டாம்.

ஐஸோடு சேர்த்து மிக்சியில் அடிக்கும் பானங்களை நான் காபி என்ற தலைப்பின் கீழேயே எழுதுவதில்லை. ஸ்டார்பக்ஸின் கேரமல் ஃப்ராப்புச்சினோ, 473 மில்லி, க்ரீமோடு 380 கலோரி அளவில். சர்க்கரை 50 கிராமுக்கு மேல். பாலுக்கு உரியதைக் கழித்தாலும், மேலே சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு நாள் வரம்பு கிட்டத்தட்ட ஒரே டம்ளரில். அதை ஐஸ்க்ரீம் என்று எழுதி, ஐஸ்க்ரீம் சாப்பிட வேண்டும் என்று தோன்றுகிற நாளில் சாப்பிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. தாகத்துக்குக் குடிப்பதுதான் வம்பு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வெண்ணெய்க் காபி நிற்கிறது. சர்க்கரை துளியும் கிடையாது என்று அதைச் சொல்லி விற்பார்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரி. கூடவே ஊற்றும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி அதற்கும் மேல். கறுப்பாகக் குடித்தால் 2 கலோரியில் முடிந்திருக்க வேண்டியது 200-ஐத் தாண்டுகிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிப்பவர்களுக்கு அது வேறு கணக்கு. சாப்பாட்டோடு குடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எண்ணைப் பலகையில் எழுதிவைத்தால் மக்கள் மாறுவார்களா? நியூயார்க் நகரத்தில் 2008-ல் சங்கிலிக் கடைகள் கலோரியைப் பலகையில் போட வேண்டும் என்று விதி வந்தது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் அந்த நேரத்து ஸ்டார்பக்ஸ் விற்பனைப் பதிவுகளை எடுத்து, விதி இல்லாத பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா கடைகளோடு ஒப்பிட்டார்கள். ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு பில்லுக்குச் சராசரியாக 6 சதவீதம் கலோரி குறைந்திருந்தது. எங்கே குறைந்தது என்பதுதான் சுவாரசியம்: ஏறக்குறைய முழுவதும் சாப்பிடும் பண்டங்களில். பானங்களில் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை. கேக்கைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். குடிப்பதை மட்டும் விடவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கேக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் வருகிற ஆசை. அதை ஒரு எண் தடுத்துவிடும். பானம் அப்படியில்லை, அதற்காகத்தான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறோம். பலகையை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே வாய் சொல்லி முடித்துவிடும். எனக்கு வேலை செய்தது ஒன்றுதான்: என்ன சொல்வது என்பதைக் கடைக்கு வெளியே, வரிசையில் சேர்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது.

குடிக்கிற கலோரி வயிற்றுக்குத் தெரிவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2000-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு. 15 பேருக்கு நான்கு வாரம் தினமும் 450 கலோரி ஜெல்லி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரி சோடாவாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் மற்ற சாப்பாட்டைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்த வாரங்களில் குறைக்கவில்லை, எடை ஏறியது. பதினைந்து பேர் என்பது சின்னக் கூட்டம்தான். அதோடு, சோடாவுக்கு வந்த முடிவை லாத்தேயின் தலையில் அப்படியே கட்டக்கூடாது. பாலில் புரதமும் கொழுப்பும் இருக்கின்றன, அவை பசியைக் கொஞ்சமாவது அடக்கும். என் அனுபவத்தில் வெறும் லாத்தே குடித்தால் மதியம் வரை தாங்குகிறது. வெனிலா போட்டதைக் குடித்தால் கூடவே எதையாவது கொறிக்கத் தோன்றுகிறது.

சர்க்கரை இல்லாத சிரப் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி சேர்த்தது. கலோரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில். உடல் எடையைக் கட்டுப்படுத்த இந்த மாதிரி இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நிபந்தனையோடு ஒரு பரிந்துரை கொடுத்திருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. நாக்கின் பின்பக்கம் தங்கிவிடும் அந்த ருசி எனக்கு ஆகாது.

இப்போது என் வழக்கம் இது. 350 மில்லி லாத்தே, பாதி கொழுப்பு நீக்கிய பால், ஒரே ஒரு பம்ப் வெனிலா. 110-உம் 20-உம் சேர்த்து 130. முன்பு வாங்கிக்கொண்டிருந்த 473 மில்லி வெனிலா லாத்தே பலகைக் கணக்குப்படி 250. ஒரு பம்புக்கு நாக்கு பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. முதலில் மூன்று, பிறகு இரண்டு என்று இறங்கினேன். ஒரேயடியாக இறங்கியிருந்தால் வெறுத்துப்போயிருக்கும். ‘பம்ப்’ என்ற வார்த்தையைச் சொல்லியே கேட்பது நல்லது. ‘இனிப்பு கம்மியா’ என்றால் கவுண்டரில் இருப்பவருக்கு அது இரண்டா மூன்றா என்று தெரியாது. கம்மி என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. ‘ஒரு பம்ப்’ என்றால் பேச்சு முடிந்தது, கோப்பையின் மேல் எண்ணாகவே எழுதிவிடுவார்கள்.

ஆப்பில் இருந்த லாத்தேக்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, என் பெயரில் மூன்று பதிவு வைத்திருக்கிறேன்: பால் 100 மில்லி, பம்ப் ஒன்று, க்ரீம் ஒரு சுருள். எந்தக் கடைக்குப் போனாலும், எந்தப் பெயரில் பானம் இருந்தாலும், இந்த மூன்றையும் தேவையான அளவு பெருக்கிப் போட்டால் முடிந்தது. கோப்பை அளவு தெரியவில்லையென்றால் கேட்பேன். அதைக் கேட்டு யாரும் திட்டியதில்லை. ஒரு கடையில் மட்டும் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கே அது தெரியவில்லை, தண்ணீர் ஊற்றி அளந்து சொன்னாள்.

சித்தி மகனுக்கு இந்த ஏற்பாடே வேடிக்கை. “கறுப்பா குடிங்கக்கா, ரெண்டு கலோரி, ஆடிட்டே தேவையில்ல” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். குடித்துப் பார்த்துவிட்டேன், அவன் கையாலேயே, அவன் பீற்றிக்கொள்ளும் கொட்டையிலேயே. பிடிக்கவில்லை.